அடுத்த தெருவில் சோபர் ஹோம்: மனுவில் எதைக் கேட்பது?

போன மாதம் எங்கள் பேட்டைத் தமிழர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு மனு வந்தது. இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஐந்து படுக்கையறை வீட்டை ஒரு நிறுவனம் வாடகைக்கு எடுத்திருக்கிறதாம். குடியிலிருந்தும் போதையிலிருந்தும் மீண்டு வரும் எட்டுப் பேர் அங்கே தங்கப் போகிறார்களாம். "குழந்தைகள் சைக்கிள் ஓட்டுற தெரு. வீட்டு விலை என்ன ஆகும்னு யோசிங்க. உடனே கையெழுத்துப் போடுங்க." ஒரு மணி நேரத்தில் நாற்பது கையெழுத்து விழுந்துவிட்டது.

நான் போடவில்லை. பெரிய கொள்கை எல்லாம் இல்லை. மனுவை முழுதாகப் படித்தபோது, 'ஏதாவது செய்யுங்கள்' என்பதைத் தவிர அதில் ஒரு கோரிக்கையும் கண்ணில் படவில்லை. சிட்டி கவுன்சிலிடம் 'ஏதாவது செய்' என்று கேட்டால் அவர்கள் ஏதாவதுதான் செய்வார்கள். அப்படிச் செய்த ஒரு பக்கத்து ஊர் பல மில்லியன் டாலர் கொடுத்துக் கைகழுவிய கதை இங்கே எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

நான் இருப்பது தெற்குக் கலிபோர்னியாவில். குழு இல்லச் சண்டை இங்கே புதிதல்ல. அமெரிக்க நகராட்சிகள் நாற்பது ஐம்பது ஆண்டுகளாக இதில் பல வழிகளை முயன்று பார்த்திருக்கின்றன. சில நீதிமன்றத்தில் உடைந்தன. சில நின்றன. சில நின்றும் ஒரு பிரயோஜனமும் இல்லை. எங்கள் மனுவில் எதை எழுதலாம் என்று முடிவு செய்ய, அந்த வழிகளை ஒன்றோடு ஒன்று வைத்துப் பார்த்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். 'குழு இல்லம்' என்ற ஒரே பெயருக்குள் நாலைந்து வகை இருக்கிறது. ஆறு முதியவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் போர்டு அண்ட் கேர் ஒரு வகை. வளர்ச்சிக் குறைபாடு உள்ள பெரியவர்கள் வாழும் வீடு இன்னொன்று. மாநில உரிமம் பெற்ற போதை சிகிச்சை இல்லம் மூன்றாவது. கடைசியாக சோபர் லிவிங், அதாவது மனுவில் வந்த சோபர் ஹோம். இங்கே சிகிச்சை எதுவும் கிடையாது. குடிக்காமல் இருக்க முடிவெடுத்தவர்கள் ஒரே கூரையின் கீழ் வாடகை கொடுத்து வாழ்கிறார்கள், அவ்வளவுதான். அதனால் கலிபோர்னியாவில் இதற்கு மாநில உரிமமே தேவையில்லை.

உரிமம் உள்ளவற்றில் ஆறு பேர் வரை என்றால், இந்த மாநிலச் சட்டப்படி நகராட்சி அதை ஒரு குடும்பமாகவே பார்த்தாக வேண்டும். தனி பெர்மிட், தனிக் கட்டணம், தனி விசாரணை எதுவும் வைக்க முடியாது. எங்கள் தெரு முனையில் ஒரு முதியோர் இல்லம் வந்து ஏழு வருடம் ஆகிறது. மனுவில் கையெழுத்துப் போட்ட பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது.

இதற்கெல்லாம் மேலே மத்திய அரசின் நியாயமான வீட்டுவசதிச் சட்டம் இருக்கிறது. 1988-இல் அதைத் திருத்தி, மாற்றுத்திறன் உள்ளவர்களையும் பாதுகாப்புக்குள் கொண்டுவந்தார்கள். போதையிலிருந்து மீண்டு வருகிறவர் அந்தப் பாதுகாப்புக்குள் வருவார். இப்போதும் சட்டவிரோதமாகப் போதைப்பொருள் எடுப்பவர் வரமாட்டார். இதனால் நகராட்சிக்கு இரண்டு கட்டுகள். பாகுபாடு காட்டக் கூடாது என்பது ஒன்று. தேவை இருந்தால் தன் விதியையே கொஞ்சம் தளர்த்திக் கொடுக்க வேண்டும் என்பது இன்னொன்று. இந்த இரண்டாவதை நகராட்சிகள் அடிக்கடி மறந்துவிடும். வக்கீல்கள் மறக்கவே மாட்டார்கள்.

குடும்பம் என்றால் யார்?

பழைய வழியும், கவுன்சிலர்களுக்குக் கைவந்த வழியும் இதுதான். 'இது தனிக்குடும்ப வீட்டு மண்டலம்' என்று சொல்லிவிட்டு, குடும்பம் என்பதற்கு விளக்கம் எழுதிவிடுவது. ரத்த உறவோ திருமண உறவோ இல்லாதவர்கள் இத்தனை பேருக்கு மேல் சேர்ந்து வாழக் கூடாது என்று ஒரு எண்ணைப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது.

1974-இல் இதற்கு உச்ச நீதிமன்றமே பச்சைக்கொடி காட்டியது. நியூயார்க் லாங் ஐலண்டில் பெல் டெர் என்ற சின்ன ஊர். உறவில்லாதவர்கள் இரண்டு பேருக்கு மேல் ஒரு வீட்டில் கூடாது என்பது அந்த ஊர் விதி. ஸ்டோனி புரூக்கில் படித்த ஆறு மாணவர்கள் ஒரு வீட்டை எடுத்தார்கள். வழக்கில் ஊர் ஜெயித்தது.

மூன்றே ஆண்டில் அதே நீதிமன்றத்துக்கு ஒரு பாட்டியின் வழக்கு வந்தது. ஒஹாயோவின் ஈஸ்ட் கிளீவ்லண்டில் ஐனெஸ் மூர் என்பவர் தன் மகனோடும் இரண்டு பேரன்களோடும் இருந்தார். அந்தப் பேரன்கள் கூடப்பிறந்தவர்கள் அல்ல, 'கசின்'கள். அதனால் அது 'குடும்பம்' ஆகாது என்று நகராட்சி வழக்குப் போட்டு, பாட்டிக்கு ஐந்து நாள் சிறையும் 25 டாலர் அபராதமும் வாங்கிக் கொடுத்தது. 1977-இல் உச்ச நீதிமன்றம் அந்த விதியைத் தூக்கி எறிந்தது. பெரியப்பா மகனையும் சித்தப்பா மகனையும் அண்ணன் தம்பி என்றே கூப்பிட்டு வளர்ந்த நமக்கு, அப்படி ஒரு விதியை ஒரு ஊர் எழுதி வைத்திருந்தது என்பதே விநோதம்.

போதை மீட்பு வீடுகளுக்கு வந்த முக்கியமான தீர்ப்பு 1995-இல். வாஷிங்டன் மாநிலத்தின் எட்மண்ட்ஸ் நகரம். எதிர்த்தரப்பில் ஆக்ஸ்ஃபோர்டு ஹவுஸ் என்ற மீட்பு வீடுகளின் அமைப்பு. இந்த ஆக்ஸ்ஃபோர்டு ஹவுஸ் 1975-இல் மேரிலாண்டின் சில்வர் ஸ்பிரிங்கில் தொடங்கியது. சம்பள ஊழியர் யாரும் கிடையாது. வாடகையைச் சமமாகப் பிரித்துக்கொள்கிறார்கள், வீட்டுக் கணக்கை அவர்களே பார்க்கிறார்கள், யாராவது திரும்பக் குடித்தால் மற்றவர்களே ஓட்டுப் போட்டு வெளியே அனுப்பிவிடுகிறார்கள். எட்மண்ட்ஸில் அப்படி ஒரு வீட்டில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். நகர விதியோ, உறவில்லாதவர்கள் ஐந்து பேர் வரைதான் என்றது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்த மாதிரி வீடுகளைத் தொடங்கக் கடன் கொடுக்கச் சொல்லி மத்திய அரசு 1988-இல் மாநிலங்களுக்கு ஒரு சட்டம் போட்டது. ஒரு வீட்டுக்கு 4,000 டாலர் வரை கடன். ஆனால் குறைந்தது ஆறு பேராவது தங்க வேண்டும் என்பது நிபந்தனை. மத்திய அரசு ஆறுக்குக் குறையாதே என்கிறது, நகராட்சி ஐந்தைத் தாண்டாதே என்கிறது. நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் வழக்குக்குத்தான் போக முடியும்.

ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. நீதிபதி கின்ஸ்பர்க் எழுதினார். ஒரு அறைக்கு, ஒரு சதுர அடிக்கு இத்தனை பேர் என்று எல்லா வீட்டுக்கும் பொதுவாக விதி வைத்தால், அது நெரிசலைத் தடுக்கும் விதி. வீட்டுவசதிச் சட்டம் அதில் தலையிடாது. ஆனால் உறவினர் என்றால் எத்தனை பேரும் இருக்கலாம், உறவில்லை என்றால் ஐந்து பேர்தான் என்பது நெரிசல் விதி அல்ல, 'குடும்பம்' யார் என்று தீர்மானிக்கும் விதி. அதற்கு அந்த விலக்கு கிடையாது என்றார். கலிபோர்னியாவில் இந்தக் கதவு அதற்கு முன்பே மூடிவிட்டது. சாண்டா பார்பராவில் பத்துப் படுக்கையறை வீடு ஒன்றில் பன்னிரண்டு பேர் சேர்ந்து வாழ்ந்த வழக்கில், ஐந்து பேர் வரம்பு தனிமை உரிமையை மீறுகிறது என்று மாநில உச்ச நீதிமன்றம் 1980-இலேயே சொல்லிவிட்டது.

எங்கள் பகுதியின் நியூபோர்ட் பீச் இதையே சுற்றிவளைத்து முயன்றது. 2008-இல் 'ஒரே குடித்தனம்' என்பதற்குப் புது விளக்கம் எழுதினார்கள்: ஒரே ஒப்பந்தம் இருக்க வேண்டும், யார் உள்ளே வரலாம் என்பதை வீட்டில் இருப்பவர்களே முடிவு செய்ய வேண்டும், இப்படி. படித்தால் எல்லாருக்கும் பொதுவான விதி போலத்தான் இருக்கும். 2013-இல் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் (கலிபோர்னியா வழக்குகளைப் பார்க்கும் மத்திய நீதிமன்றம்) வார்த்தையைப் பார்க்கவில்லை, நோக்கத்தைப் பார்த்தது. ஒரு கூட்டத்தைக் குறிவைத்து எழுதினீர்கள் என்பதற்குச் சாட்சி இருந்தால், விதி பொதுவாக எழுதப்பட்டிருந்தாலும் வழக்கு நிற்கும் என்றது. கடைசியில் இல்லம் நடத்தியவர்களுக்கு 52.5 லட்சம் டாலர் கொடுத்து நகரம் சமரசமானது. வக்கீல் செலவு தனி.

இந்த வழியை நான் முதலிலேயே அடித்துவிட்டேன். சட்டம் மட்டும் காரணம் இல்லை. அமெரிக்கா வந்த புதிதில் நாங்கள் ஐந்து பேர் இரண்டு படுக்கையறை அப்பார்ட்மென்ட்டில் இருந்தோம். ஒரே ரைஸ் குக்கர், எக்செல் ஷீட்டில் மளிகைக் கணக்கு, ஹாலில் இரண்டு காற்று மெத்தை. மனுவில் கையெழுத்துப் போட்ட நாற்பது பேரில் முப்பது பேராவது அப்படி ஒரு வீட்டிலிருந்து வந்தவர்கள்தான். 'உறவில்லாதவர்கள் ஐந்து பேர்' என்ற விதியில் முதலில் மாட்டியிருக்க வேண்டியவர்கள் நாம்.

650 அடி

அடுத்த வழி தூரம். ஒரு இல்லத்துக்கும் அடுத்த இல்லத்துக்கும் நடுவே இத்தனை அடி இருக்க வேண்டும். கேட்டவுடன் நியாயமாகத்தான் படுகிறது. நானும் முதலில் இதற்குத்தான் சாய்ந்தேன்.

நீதிமன்றங்கள் இதில் ஒரே குரலில் பேசவில்லை. மினசோட்டாவின் செயின்ட் பால் நகரத்தில் ஒரு நிறுவனம் பெரும்பாலும் ஒன்றரை பிளாக்குக்குள் நெருக்கமாக இருந்த வீடுகளில் மனநலம் பாதிக்கப்பட்ட 119 பேரைத் தங்கவைத்திருந்தது. இன்னும் சேர்க்க அனுமதி கேட்டபோது, கால் மைல் இடைவெளி விதியைக் காட்டி நகரம் மறுத்தது. 1991-இல் எட்டாவது வட்ட நீதிமன்றம் நகரத்தின் பக்கம் நின்றது. ஐந்து வருடம் கழித்து, மிச்சிகனின் 1,500 அடி விதியை ஆறாவது வட்ட நீதிமன்றம் செல்லாது என்றது. யாரையும் ஒரே இடத்தில் அடைக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டு, எங்கே வாழலாம் என்று நீங்கள் அவர்களுக்கு மட்டும் வரம்பு போடுகிறீர்களே என்பது அதன் கேள்வி.

எங்களுக்குப் பக்கத்தில் உள்ள உதாரணம் கோஸ்டா மேசா. 2014-இல் தனிவீட்டு மண்டலத்துக்கும் அடுத்த ஆண்டு அடுக்குமாடிப் பகுதிகளுக்கும் விதி போட்டார்கள். பெர்மிட் வாங்க வேண்டும், 650 அடி இடைவெளி வேண்டும், வீட்டிலேயே தங்கும் மேலாளர் வேண்டும். இந்த விதிகள் மேல் வழக்கு மேல் வழக்கு. ஒரு வழக்கில் ஜூரி நகரத்தின் பக்கம் நின்றது. இன்னொரு வழக்கில் 2023 ஜனவரியில் ஒன்பதாவது வட்ட நீதிமன்றம், இல்லம் நடத்துபவர் தங்கியிருக்கும் ஒவ்வொருவரின் மருத்துவச் சான்றையும் காட்டி மாற்றுத்திறனை நிரூபிக்கத் தேவையில்லை என்றது. நகரத்துக்கு இருந்த நல்ல தற்காப்பு ஒன்று அதோடு போயிற்று.

சட்டத்தை விட்டுவிட்டு அளவுநாடாவை எடுத்துப் பாருங்கள். எங்கள் தெருவில் ஒரு மனையின் முகப்பு ஏறக்குறைய 60 அடி. 650 அடி என்றால் இந்தப் பக்கம் பதினோரு வீடு, அந்தப் பக்கம் பதினோரு வீடு, பின்னால் ஒரு தெரு, அதற்கும் பின்னால் ஒரு தெரு. ஒரு இல்லம் வந்துவிட்டால் அந்த வட்டத்துக்குள் இன்னொன்று வர முடியாது. முதலில் வந்தவர் எப்படிப்பட்டவர் என்று விதி கேட்காது. உள்ளே இருப்பது மோசமாக நடத்தப்படும் இல்லமாக இருக்கலாம், வெளியே நிற்பது ஒழுங்கான ஆக்ஸ்ஃபோர்டு ஹவுஸாக இருக்கலாம். முன்பதிவு செய்த பஸ் சீட் மாதிரி, மோசமானவருக்கு அந்த இடம் பட்டாவாகிவிடும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகுதான் என் சாய்வு மாறியது.

அதற்காக இதை முழுதாகத் தள்ளவும் மனம் வரவில்லை. ஒரே தெருவில் ஐந்து வீடு, ஐந்தும் ஒரே முதலாளி என்றால் அது குடியிருப்பு அல்ல, சுவர் இல்லாத ஒரு மருத்துவமனை. ஃபுளோரிடாவின் டெல்ரே பீச் ஊரெல்லாம் சோபர் ஹோம் ஆகிவிட்டது என்று அலறிய நகரம். அவர்கள் உடனே விதி எழுதவில்லை. முதலில் ஒரு ஆய்வு செய்யவைத்து, அதன் மேல் 2017-இல் 660 அடி விதி கொண்டுவந்தார்கள். விதிக்கு வெளியே விண்ணப்பிக்கவும் வழி வைத்தார்கள். தூர விதி வேண்டும்தான் என்றால் இப்படித்தான் வர வேண்டும்: முதலில் எண்ணிக்கை, பிறகு விதி, விதியோடு ஒரு கதவு. எங்கள் ஊரில் இப்போது எத்தனை இல்லம் இருக்கிறது என்று கேட்டேன். சிட்டி ஹாலில் யாரிடமும் கணக்கு இல்லை.

கோஸ்டா மேசா விதியில் எனக்குப் பிடித்த ஒரு வரி உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒருவரை வெளியேற்றும் முன் அவருடைய அவசரத் தொடர்பு நபருக்குச் சொல்ல வேண்டும், ஊர் திரும்ப வண்டிக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். திரும்பக் குடித்தவரை இரவோடு இரவாகப் பெட்டியோடு நடைபாதையில் இறக்கிவிடுவதுதான் இந்தத் தொழிலின் அசிங்கமான பக்கம். பூங்காவில் படுத்திருப்பவரைப் பற்றி வாட்ஸ்அப்பில் புகைப்படம் போடுகிறவர்கள், அவர் அங்கே எப்படி வந்தார் என்று கேட்பதில்லை. தூரத்தை விட்டுவிட்டு இந்த வரியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

மைக்கில் மூன்று நிமிடம்

மூன்றாவது வழி, தனி பெர்மிட்டும் பொது விசாரணையும். எங்கள் மனு எழுதியவர் மனதில் இருப்பது அநேகமாக இதுதான்: "நம்மளையும் ஒரு வார்த்தை கேக்கணும்ல?"

கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு டெக்சாஸின் கிளிபர்ன் நகரம் சாட்சி. அறிவுத்திறன் குறைபாடுள்ள 13 பேருக்கு ஒரு வீடு. நகரம் தனி பெர்மிட் கேட்டது, விசாரணை வைத்தது, மறுத்தது. காரணங்கள்: அக்கம்பக்கத்தார் பயப்படுகிறார்கள், எதிரே பள்ளிக்கூடம் இருக்கிறது, பிள்ளைகள் கேலி செய்வார்கள், ஐந்நூறு ஆண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளத்தின் வழியில் வீடு இருக்கிறது. அதே இடத்தில் முதியோர் மருத்துவ இல்லமோ விடுதியோ கட்டினால் பெர்மிட்டே தேவையில்லை. அவர்களை வெள்ளம் விட்டுவிடும் போலிருக்கிறது. 1985-இல் உச்ச நீதிமன்றம் அந்தக் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, இதன் அடியில் இருப்பது முன்முடிவுதான் என்று சொல்லி மறுப்பை ரத்து செய்தது.

இரண்டு வருடம் முன் வேறொரு விஷயத்துக்காக எங்கள் கவுன்சில் கூட்டத்துக்குப் போனபோது இப்படி ஒரு விசாரணையைப் பார்த்தேன். மைக் முன்னால் ஒரு சின்ன விளக்கு. பச்சை, மஞ்சள், சிவப்பு. ஆளுக்கு மூன்று நிமிடம். பதினேழு பேர் எதிர்த்துப் பேசினார்கள். 'இந்த மாதிரி ஆட்கள்' என்ற சொல்லை நான் ஆறு முறை எண்ணினேன். பதினெட்டாவதாக ஒரு பையன் வந்தான், இருபத்தைந்து வயது இருக்கும். தான் குடியை விட்டு பதினான்கு மாதம் ஆகிறது, இந்த ஊரிலேயே ஒரு கார் கடையில் வேலை செய்கிறேன் என்றான். மஞ்சள் விளக்கு வருவதற்குள் முடித்துவிட்டு உட்கார்ந்துவிட்டான். நகராட்சி வக்கீலின் முகத்தைப் பார்த்தேன். 'இந்த மாதிரி ஆட்கள்' ஒவ்வொன்றும் ஒலிப்பதிவில் ஏறுகிறது, நாளைக்கு எதிர்த்தரப்பு வக்கீல் அதை நீதிமன்றத்தில் போட்டுக் காட்டுவார் என்பது அவருக்குத் தெரியும். அக்கம்பக்கத்தாரின் பயத்தை அடிப்படையாக வைத்து முடிவெடுக்கக் கூடாது என்று மத்திய வீட்டுவசதித் துறையும் நீதித் துறையும் சேர்ந்து 2016-இல் வெளியிட்ட அறிக்கையிலேயே இருக்கிறது.

நியூயார்க் இதையே வேறு மாதிரி செய்கிறது. ஸ்டாட்டன் ஐலண்டின் வில்லோபுரூக் என்ற அரசு விடுதியில் அறிவுத்திறன் குறைபாடுள்ள ஆயிரக்கணக்கானவர்கள் மிருகங்களைப் போல அடைபட்டிருந்ததை 1972-இல் தொலைக்காட்சி வெளியே கொண்டுவந்தது. வழக்கு நடந்து, 1975-இல் அவர்களை ஊருக்குள் சிறிய வீடுகளில் குடியமர்த்த உடன்பாடு வந்தது. வீடு தேட இறங்கியதும் தெருவுக்குத் தெரு எதிர்ப்பு. அப்போது குவீன்ஸ் பகுதி செனட்டர் பிராங்க் படவான் கொண்டுவந்த சட்டம் 1978-இல் நிறைவேறியது. நான்கு முதல் பதினான்கு பேர் வரையான வீடு வருகிறது என்றால் நகராட்சிக்கு எழுத்தில் சொல்ல வேண்டும். நகராட்சிக்கு 40 நாள். சரி என்று சொல்லலாம், வேறு நல்ல இடம் காட்டலாம், அல்லது இங்கே ஏற்கெனவே அளவுக்கு மீறி இருக்கிறது என்று ஆட்சேபிக்கலாம். 'பிடிக்கவில்லை' என்பதற்கு அந்தத் தாளில் இடமே இல்லை.

இந்த வடிவம் எனக்குப் பிடித்திருக்கிறது. 'வேண்டாம்' என்பவரிடம் 'அப்படியானால் எங்கே?' என்று கேட்கிறது. ஆனால் எங்களுக்கு இது உதவாது. இது மாநில உரிமம் உள்ள வீடுகளுக்கான சட்டம். சோபர் லிவிங்குக்கு உரிமமே இல்லாத ஊரில் யாரிடம் போய் 40 நாள் கேட்பது? அதோடு, மிச்சிகனில் தூர விதியோடு சேர்த்து அக்கம்பக்கத்தாருக்கு முன்னறிவிப்பு கொடுக்கும் விதியையும் நீதிமன்றம் ரத்து செய்தது. வேறு யார் குடிவரும்போதும் ஊரைக் கூட்டிச் சொல்வதில்லையே.

பணம் எங்கிருந்து வருகிறது?

மேலே சொன்ன மூன்றும் வீட்டின் முகவரியைப் பார்க்கின்றன. கெட்டது நடக்கும் இடங்களில் கோளாறு பெரும்பாலும் பணத்தில்தான் இருக்கிறது.

ஃபுளோரிடாவில் நடந்ததைப் பார்த்தால் புரியும். இருபத்தாறு வயது வரை பிள்ளைகள் பெற்றோரின் இன்சூரன்ஸில் இருக்கலாம்; போதை சிகிச்சைக்கும் இன்சூரன்ஸ் பணம் கொடுக்கிறது. சோபர் ஹோம் நடத்துபவர் வாடகையே வாங்காமல் ஒரு பையனைத் தங்கவைப்பார். அவனைக் குறிப்பிட்ட சிகிச்சை மையத்துக்கு அனுப்புவார். மையம் அவருக்குத் தரகு கொடுக்கும். வாரத்தில் பல முறை சிறுநீர்ப் பரிசோதனை நடக்கும். ஒவ்வொன்றுக்கும் இன்சூரன்ஸுக்கு நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் பில். அந்தத் தொழிலில் சிறுநீருக்கே 'திரவத் தங்கம்' என்று பெயர் வந்துவிட்டது. பையன் குணமானால் வருமானம் நின்றுவிடும், திரும்பப் போதையில் விழுந்தால் கணக்கு முதலிலிருந்து ஓடும். சிலர் வீட்டுக்குள்ளேயே போதைப்பொருளை வரவிட்டார்கள். 650 அடி தள்ளி இருந்தால் மட்டும் இது நடக்காமல் போயிருக்குமா?

ஃபுளோரிடா 2015-இல் ஒரு சட்டம் போட்டது. சோபர் ஹோம் சான்றிதழ் வாங்குவது கட்டாயம் இல்லை. ஆனால் 2016 ஜூலையிலிருந்து, உரிமம் பெற்ற சிகிச்சை மையங்கள் சான்றிதழ் இல்லாத வீட்டுக்கு ஆளை அனுப்பக் கூடாது. வீட்டைத் தொடாமல் வீட்டுக்கு வரும் குழாயை அடைத்தார்கள். கூடவே பாம் பீச் கவுண்டி அரசு வழக்கறிஞர் ஒரு தனிப்படை அமைத்து, தரகு வாங்கியவர்களைக் கைது செய்ய ஆரம்பித்தார். நான் பார்த்த வழிகளில் இதற்குத்தான் மூளை அதிகம்.

ஆனால் உரிமம் என்ற சொல்லைக் கேட்டதும் நிம்மதியாகிவிடக் கூடாது. அரிசோனா 2018-இலேயே சோபர் ஹோம்களுக்கு மாநில உரிமம் கொண்டுவந்தது. ஐந்து வருடம் கழித்து, 2023 மே மாதம், ஆளுநரும் மாநில அட்டர்னி ஜெனரலும் மேடையேறி ஒரு பெரிய மோசடியை அறிவித்தார்கள். பழங்குடி மக்களை அவர்கள் பகுதிகளிலிருந்து வேனில் ஏற்றி ஃபீனிக்ஸ் பக்கம் கொண்டுவந்து வீடுகளில் வைத்து, கொடுக்காத சிகிச்சைக்கு அரசின் மருத்துவத் திட்டத்தில் பில் போட்டிருக்கிறார்கள். மாநிலத்துக்கு நஷ்டம் 200 கோடி டாலருக்கு மேல். மையங்களை மூடியபோது பலர் ஊர் திரும்ப வழியில்லாமல் தெருவில் நின்றார்கள். உரிமத்தை வாசலில் மாட்டியவரின் பில்லைப் பார்க்க ஆள் இல்லை என்றால், அந்த உரிமம் பிரேம் போட்ட தாள்தான்.

நகராட்சியால் இதைத் தனியாகச் செய்ய முடியாது என்பதும் உண்மை. இன்சூரன்ஸும் உரிமமும் மாநிலத்தின் கையில். கவுன்சில் செய்யக்கூடியது மாநிலத்தை நெருக்குவது, தன் ஊரில் உள்ள இல்லங்கள் தேசிய மீட்பு இல்லக் கூட்டமைப்பின் தரத்துக்கு வர ஊக்குவிப்பது, அவ்வளவுதான். அந்தக் கூட்டமைப்பு இல்லங்களை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறது. நல்ல அண்டைவீட்டாராக எப்படி இருப்பது என்பதற்கும் அதில் தரம் இருக்கிறது.

எதிர்வீட்டு அண்ணாவின் பட்டியல்

கடைசி வழி சலிப்பூட்டும் வழி. இல்லம் என்று தனியாக விதி போடாமல், எல்லா வீட்டுக்கும் இருக்கும் விதியை ஒழுங்காக அமல்படுத்துவது: பார்க்கிங், சத்தம், குப்பை, புகை எச்சரிக்கைக் கருவி, அனுமதி இல்லாமல் கராஜைப் படுக்கையறை ஆக்குவது. மனு எழுதிய எதிர்வீட்டு அண்ணாவிடம் கேட்டேன்: "அண்ணா, அந்த வீடு வந்தா உங்களுக்கு என்ன கஷ்டம்னு ஒண்ணொண்ணா சொல்லுங்க." அவர் சொன்னார், நான் போனில் எழுதிக்கொண்டேன். எட்டுப் பேருக்கு எட்டு கார். ராத்திரி வாசலில் நின்று புகைப்பது. குப்பைத் தொட்டி வழிவது. போலீஸ், ஆம்புலன்ஸ். பிரச்சினை என்றால் யாருக்குப் போன் செய்வது என்று தெரியாதது. விலை.

விலையைத் தவிர மற்ற ஐந்துக்கும் சோபர் ஹோம் என்ற சொல் தேவையே இல்லை. நான்கு பெரிய பிள்ளைகள் உள்ள வீட்டிலும் ஆறு கார் நிற்கிறது. பொதுவான விதி நீதிமன்றத்தில் நிற்கும், செலவு குறைவு, ஆள் யார் என்று பார்க்காது. குறை ஒன்றுதான்: நிர்வாகம் சோம்பேறி என்றால் எதுவும் நடக்காது. எங்கள் சிட்டியில் கோட் என்ஃபோர்ஸ்மென்ட், அதாவது விதிமீறலை வந்து பார்க்கும் வேலைக்கு இரண்டே பேர். புகார் கொடுத்தால் மூன்று வாரம் கழித்து ஒரு அட்டை வரும்.

அதனால் மனுவைத் திருத்தி எழுதினேன். மூன்று கோரிக்கைகள். ஊரில் எத்தனை இல்லங்கள், எந்த வகை என்று நகராட்சி ஒரு கணக்கெடுக்க வேண்டும். அதற்கு முன் தூர விதியைப் பற்றிப் பேச வேண்டாம். கோட் என்ஃபோர்ஸ்மென்ட்டுக்கு இன்னும் ஒருவரை, மாலையிலும் வார இறுதியிலும் வேலை செய்கிறவராக, நியமிக்க வேண்டும். சிகிச்சை மையங்கள் தரமில்லாத வீட்டுக்கு ஆள் அனுப்புவதைத் தடுக்கும் சட்டம் கேட்டு எங்கள் மாநிலப் பிரதிநிதிக்குக் கவுன்சில் தீர்மானம் அனுப்ப வேண்டும். எட்டுப் பேர் என்ற எண்ணைத் தொடவில்லை; வீட்டின் பரப்பளவுக்கு அது மீறுகிறதா என்று எல்லா வீட்டுக்கும் பார்ப்பது போலப் பார்க்கட்டும். வெளியேற்றும்போது வண்டி ஏற்பாடு செய்யும் அந்த வரியை, கேட்டுப் பார்க்கலாம் என்று அடியில் சேர்த்தேன்.

குழுவில் போட்டேன். நாற்பது கையெழுத்து பதினொன்றாகக் குறைந்தது. ஒருவர் கோபமாக வெளியேறினார். இன்னொருவர் தனியாக மெசேஜ் அனுப்பினார்: தன் தம்பி ஊரில் மறுவாழ்வு மையத்தில் இரண்டு முறை இருந்து வந்தவன் என்றும், முதல் மனுவில் யோசிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்றும். அதை குழுவில் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

எதிர்வீட்டு அண்ணா மூன்று நாள் பேசவில்லை. நேற்றுக் காலை குப்பைத் தொட்டியை உருட்டிக்கொண்டு வந்தவர் நின்று, "அந்த ரெண்டாவது பாயிண்டு, இன்ஸ்பெக்டர் சனி ஞாயிறு வர்றது, அதுக்கு மட்டும் நான் பேசறேன்" என்றார். செவ்வாய்க்கிழமை மாலை ஆறரைக்குக் கூட்டம். ஆளுக்கு மூன்று நிமிடம்.